எந்தத் தெருவிலும் இல்லாத வீடு

கூழாங்குட்டை ஊராட்சியில் ஜனநாயகம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஊரில் யாருக்கும் குறையில்லை. மண்ணாங்கட்டிக்கு மட்டும் இருந்தது. அவருடைய குறையைக் காது கொடுத்துக் கேட்கலாமா வேண்டாமா என்று முறைப்படி ஓட்டுக்கு விட்டார்கள். வேண்டாம் என்று முடிவானது.

அடி அண்ணாமலையைத் தாண்டி கிரிவலப் பாதையில் நடந்தால் இடது கைப்பக்கம் ஒரு சிமெண்ட் ரோடு பிரியும். அதில் போனால் கூழாங்குட்டை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனங்கள் மலையைச் சுற்றுகிறார்கள். வழியெல்லாம் அன்னதானம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சுற்றி முடித்துப் புண்ணியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். மற்றதைக் கூழாங்குட்டைக்காரர்களின் வேலியோரம் விட்டுவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கும். கக்கூஸ் வேண்டும் என்று ஊர் பல வருஷமாகக் கத்தியது, கடைசியில் சர்க்காரும் மனசு வைத்துப் பெரிய கழிப்பறை வளாகம் ஒன்று கட்டித்தருவதாகச் சொன்னது. எல்லோருக்கும் சந்தோஷம். அதை எங்கே கட்டுவது என்று கேட்கும் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

மண்ணாங்கட்டி அரை ஏக்கரில் சாமந்தியும் கனகாம்பரமும் போட்டுப் பிழைக்கிறவர். அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தங்காமல் போனதால், எமன் திரும்பிப் பார்க்காத பெயராக இருக்கட்டும் என்று வைத்த பெயர் அது. எமன் பார்க்கவில்லைதான். ஊராட்சி பார்த்துவிட்டது. ஊர் முடிந்து, வாய்க்கால் மேல் போட்ட கல்வெர்ட்டும் முடிந்து, அதற்கும் அந்தாண்ட தனியாக நின்றது அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அவருக்கென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்தது அந்தக் கிணறு ஒன்றுதான். பாறையை உடைத்துத் தோண்டியது. சித்திரையில்கூட வற்றாது, தண்ணீர் இளநீராட்டம் இருக்கும். பௌர்ணமியன்று அவர் சம்சாரம் பொன்னி ஒரு டிரம்மில் தண்ணீர் இறைத்து வாசலில் வைத்துவிடுவாள். நடக்கிறவர்கள் குடித்துவிட்டு, "நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்பதற்காகவே மண்ணாங்கட்டி வாசலில் உட்கார்ந்திருப்பார்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கிராமசபை கூடியது. ஊராட்சித் தலைவர் தேவிப்ரியா நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் நின்றார். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியது என்பதால் ஜெயித்தது அந்த அம்மா. ஆண்களுக்கு ஒதுக்காத வேலை ஒன்றும் உலகத்தில் இல்லை என்பதால் தலைவர் வேலையைப் பார்த்தது இவர்.

"இது ராஜா காலம் இல்ல," என்று ஆரம்பித்தார் ராஜமாணிக்கம். "ராஜா காலத்துல ஒருத்தரு முடிவு பண்ணுவாரு, எல்லாரும் அனுபவிக்கணும். இப்ப அப்டி இல்ல. இப்ப எல்லாரும் முடிவு பண்ணுவாங்கோ, ஒருத்தரு அனுபவிச்சா போதும்."

கைதட்டினார்கள். மண்ணாங்கட்டியும் தட்டினார்.

ஊராட்சிச் செயலர் விமல்ராஜ் தெருத்தெருவாகப் படித்தான். சுத்தமான பையன், ஒரு விதியையும் மீறமாட்டான், அதனாலேயே அவனிடம் ஊர் பயந்தது. "மேட்டுத் தெருவுல கழிப்பறை வேணாம்ங்கறவங்க கையத் தூக்குங்க" என்றான். மைதானமே தூக்கியது. மண்ணாங்கட்டியும் தூக்கினார். அவர் மகள் கல்யாணத்துக்கு மேட்டுத் தெரு முழுக்க வந்து நின்று பரிமாறியிருக்கிறது, அவர்களுக்காகக் கையைக்கூடத் தூக்காவிட்டால் எப்படி? ஏரிக்கரைத் தெரு என்றார்கள். தூக்கினார். அங்கேதான் அவருக்குச் சம்பந்தி வகையில் உறவு. பெருமாள் கோயில் தெரு என்றார்கள். சாமி இருக்கிற தெரு, கேட்கவே வேண்டாம், இரண்டு கையையும் தூக்கினார். விமல்ராஜ் ஒன்றை இறக்கச் சொன்னான்.

அடுத்தது காலனி. அந்தக் காலமாக இருந்தால் ஒருவரையும் கேட்காமல் அங்கே கொண்டுபோய்க் கட்டியிருப்பார்கள். நாலைந்து பேர் மனசில் இன்னும் அதுதான் ஓடியது, ராஜமாணிக்கத்தின் மனசிலும் ஓடியது. ஆனால் காலனியில் இப்போது ஓட்டு ஜாஸ்தி, படித்த பிள்ளைகளும் ஜாஸ்தி. அவர்கள் மொத்தமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, விமல்ராஜ் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டார்கள். ராஜமாணிக்கம் எச்சில் விழுங்கிக்கொண்டு தானும் தூக்கினார். ஜனநாயகத்தில் நல்லது என்று ஒன்று உண்டா என்று கேட்கிறவர்கள் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மண்ணாங்கட்டி காலனிக்கும் சந்தோஷமாகத் தூக்கினார். பூக்கட்ட அங்கிருந்துதான் பெண்கள் வருவார்கள்.

"எல்லாத் தெருவும் வேணாம்னு ஆயிடுச்சிங்க," என்றான் விமல்ராஜ். "இனிமே தெரு இல்லாத எடம்தான் பாக்கணும்."

"கல்வெர்ட்டுக்கு அந்தாண்ட பொறம்போக்கு சும்மா கெடக்குதே," என்றார் ராஜமாணிக்கம்.

மண்ணாங்கட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் புறம்போக்கும் அவர் கிணறும் ஒரே வரப்பில் இருக்கின்றன. எழுந்து ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆனால் கிராமசபையில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது, கையைத் தூக்கி, தலைவர் பார்த்து, அனுமதி தந்த பிறகுதான் பேச வேண்டும். மண்ணாங்கட்டி முறை தவறாத ஆள். பேசுவதற்காகக் கையைத் தூக்கினார்.

"கல்வெர்ட்டுக்கு அந்தாண்ட கட்டலாம்ங்கறவங்க?" என்றான் விமல்ராஜ் அதே நேரத்தில்.

மைதானம் முழுக்கக் கை. போட்டோ எடுத்தார்கள். முன்னால் நின்ற மண்ணாங்கட்டியின் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக விழுந்திருந்தது.

"ஏகமனதாக," என்றார் ராஜமாணிக்கம்.

மறுநாள் காலையிலேயே மண்ணாங்கட்டி தலைவர் வீட்டுக்குப் போனார். தேவிப்ரியா டீ கொண்டுவந்து கொடுத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா, நான் தலைவர்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா பொய் சொல்லவில்லை.

ராஜமாணிக்கம் அவரை உட்காரவைத்து மரியாதையாகவே பேசினார். "மண்ணாங்கட்டி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. எனக்கு மட்டும் அதிகாரம் இருந்தா இந்த நிமிஷமே மாத்திடுவேன். ஆனா ஜனநாயகத்துல நான் யாரு? மக்கள்தான் எஜமானருங்க. எஜமானருங்க சொல்லிட்டாங்கோ. அதுலயும் நீங்கதான் முதல்ல சொல்லியிருக்கீங்கோ." போனில் அந்தப் போட்டோவைக் காட்டினார். அதைப் பெரிதாக்கி முகத்தையும் காட்டினார்.

"நான் பேசறதுக்குக் கையத் தூக்கினேங்க."

"மனசுல இருக்கறத நாங்க எப்டி எண்ணறது? கையத்தான் எண்ண முடியும்."

திங்கட்கிழமை டவுனுக்கு பஸ் ஏறி, மனு நாளில் மண்ணாங்கட்டி வரிசையில் நின்றார். அருண்பிரசாத் என்ற அதிகாரி மனுவை வாங்கினார். சிரித்த முகம், நெற்றியில் மூன்று பட்டை விபூதி. பொறுமையாகக் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"அரசியல் சட்டம் சிறுபான்மைக்குப் பாதுகாப்பு தருதுங்க," என்றார் கடைசியில். மண்ணாங்கட்டிக்கு உயிர் வந்தது. "உங்க பக்கம் எத்தனை பேரு?"

"நானும் எங்க வூட்டுக்காரியும் சார்."

அதிகாரியின் முகம் வாடிவிட்டது. "ரெண்டு பேரு எல்லாம் சிறுபான்மைல வராதுங்களே. அது வெறும் புகார். இன்னும் கொஞ்சம் பேருக்கு இந்த மாதிரி ஆகியிருந்தா ஏதாச்சும் செய்யலாம். வேற யாருக்காச்சும் கிணறு கெடற மாதிரி இருக்கா? விசாரிச்சுப் பாருங்களேன்."

"இல்லைங்களே சார்."

"அதான் பிரச்சனை. இருந்தாலும் ஜனநாயகத்தோட அழகப் பாருங்க. நீங்க யாரு, நான் யாரு. ஆனா என் எதிர்க்க உக்காந்து உங்க குறைய நீங்க சொல்லலாம், யாரும் உங்க வாய அடைக்க முடியாது. சொல்லிட்டீங்க இல்ல? திருப்திதானே?" என்று கேட்டுவிட்டு, மனுவின் மேல் என்னவோ எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மனு, கருத்துக் கேட்பதற்காகக் கூழாங்குட்டை ஊராட்சிக்கே திரும்பி வந்தது. அதைத்தான் முதலில் சொன்னேனே, ஓட்டுக்கு விட்டார்கள்.

கார்த்திகை தீபத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று வேலை பறந்தது. எதிர்ப்பு இருந்தால்தானே வேலை நிற்கும்? திறப்பு விழாவில் மண்ணாங்கட்டியை மேடைக்குக் கூப்பிட்டு, ஊருக்காகத் தன் காற்றையும் தண்ணீரையும் கொடுத்த தியாகி என்று ராஜமாணிக்கம் மாலை போட்டார். அவர் தோட்டத்துச் சாமந்திதான். மாலையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று அவருக்கு இருந்தது. பெரிய மனுஷர்கள் நாலு பேர் பார்க்கிறார்களே என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

தீபத்தன்று வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. செப்டிக் டேங்க் அதற்கெல்லாம் கட்டப்பட்டதில்லை. மூன்றாம் நாள் காலையில் பொன்னி கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள். பாதி வரும்போதே நாற்றம் வந்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள், கயிற்றையும் போட்டாள், கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். மண்ணாங்கட்டி பக்கத்தில் நின்றார். பெற்ற பிள்ளை செத்தால்கூட நாலு பேர் வந்து துக்கம் கேட்பார்கள். கிணறு செத்ததற்கு யார் வருவார்கள்?

ஊராட்சிக் குழாய் அவர் வீட்டுக்கு வராது. குழாய் தெருவுக்குத்தான் வரும், அவர் வீடு எந்தத் தெருவிலும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருக் குழாயடிக்குப் போனார். ஒரு தெருக் குழாயில் அடுத்த தெருக்காரர் பிடிக்கக்கூடாது என்று கோடைகாலத்தில் தீர்மானம் போட்டதை அங்கிருந்தவர்கள் வருத்தத்தோடு நினைவுபடுத்தினார்கள். அதற்கும் அவர் கையைத் தூக்கியிருந்தார். அன்றைக்குத் தன் கிணறு ஞாபகத்தில், நமக்கென்ன என்று தூக்கியது.

டவுனில் லேபில் கொடுத்துத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தார். வாயில் வைக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். குடியரசு தினக் கிராமசபையில் அதை எடுத்துக்கொண்டு போய் நின்றார். இந்த முறை கையைத் தூக்கவே இல்லை, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார்.

ராஜமாணிக்கம் அந்த லேப் காகிதத்தை மைக்கில் முழுக்கப் படித்துக் காட்டினார். அவர் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "இத எழுதினது யாரு? லேப்ல உக்காந்திருக்கற ஒரு ஆளு. அவருக்கு யாராச்சும் ஓட்டுப் போட்டீங்களா? இல்ல. மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு ஆளு நம்ம ஊரு தண்ணி கெட்டதுன்னு சொல்றாரு. நாளைக்கு நம்ம ஊரு ஆளுங்களே கெட்டவங்கன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? நாமளே முடிவு பண்ணுவோம். மண்ணாங்கட்டி கிணத்துத் தண்ணி நல்ல தண்ணிங்கறவங்க?"

ஊர் கையைத் தூக்கியது. கெட்ட தண்ணீர் என்று ஒத்துக்கொண்டால் கழிப்பறையை மாற்ற வேண்டும். மாற்றினால் எங்கே மாற்றுவது? அந்தக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள் யாரும் அந்த மைதானத்தில் இல்லை. ஒருத்தருக்கும் மண்ணாங்கட்டி மேல் கோபதாபம் கிடையாது, நல்ல ஜனங்கள்தான், அவர் செத்தால் எல்லோரும் வருவார்கள். தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விமல்ராஜ் வந்து, விதிப்படி, கிணற்றுப் பக்கத்தில் "நல்ல குடிநீர்" என்று பலகை நட்டுவிட்டுப் போனான். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தான்.

பொன்னி தண்ணீரை வடிகட்டி, காய்ச்சி, துளசி போட்டுப் பார்த்தாள். இருந்தும் பேதியாகி, ஒரு வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். "இன்னா தண்ணிங்க குடிக்கறீங்க?" என்று டாக்டரம்மா திட்டினார்.

"நல்ல தண்ணிதாம்மா," என்றார் மண்ணாங்கட்டி. "ஊரு முடிவு பண்ணிடுச்சி."

அந்தச் சமயத்தில்தான் ஜோதியம்மாள் வந்தாள். செங்கத்தில் வாழப்போனவள், புருஷன் போனதும் திரும்பிவந்து, ஊருக்கு மேல்பக்கம் பாறை மேட்டில் அப்பன் விட்டுப்போன இடத்தில் ஷீட் போட்டு ஒரு வீடு கட்டிக்கொண்டவள். கிரிவலப் பாதையில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சை ஜூஸும் போடுவாள். அந்த வியாபாரத்துக்குத் தண்ணீர்தானே எல்லாம், கையில் இருந்ததைப் போட்டு போர் இறக்கி அடிபம்பு வைத்திருந்தாள். பொன்னி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று இரண்டு குடம் தண்ணீரோடு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணே, தினம் வந்து என் பம்புல அடிச்சிக்கோங்க. இன்னாத்துக்குச் சாவறீங்க?"

"ஊர்ல எதுனா சொல்லுவாங்கம்மா."

"தண்ணி என்னுது. அதுக்கும் தீர்மானம் போடணுமா?"

அன்றிலிருந்து தினம் காலையில் மண்ணாங்கட்டி மொபெட்டில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு பாறை மேட்டுக்குப் போனார். அவருக்குக் கை வலிக்கும் என்று பாதி நாள் ஜோதியம்மாளே அடித்துக் கொடுத்தாள். பொன்னி தேறினாள். "அந்தப் பொண்ணு இல்லன்னா என்னத் தூக்கிப் போட்டிருப்பீங்க" என்று அடிக்கடி சொல்வாள். உண்மைதான்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவி இந்த முறை பொதுவில் வந்துவிட்டதால் ராஜமாணிக்கம் நேரடியாகவே நின்றார். எதிர்த்து நிற்க மண்ணாங்கட்டி பெயர் கொடுத்தார். அவருக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. தலையில் முடி இல்லாத ஆளுக்குச் சீப்பா என்று ஊர் சிரித்தது, சிரித்ததில் சின்னம் எல்லோருக்கும் பதிந்துபோனது. பொன்னியும் ஜோதியம்மாளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஜோதியம்மாள் ஜூஸ் கடையில் வருகிற உள்ளூர்க்காரர்களுக்கெல்லாம் ஒரு டம்ளர் சர்பத் கொடுத்து, சீப்பை ஞாபகப்படுத்தி அனுப்பினாள்.

கழிப்பறையை மாற்றுவேன் என்று மண்ணாங்கட்டி சொன்னார். தெருத்தெருவாக ஒரே கேள்வி வந்தது, எங்கே? முதல் தெருவில் அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, "உங்க தெருவுக்கு இல்ல" என்றார். முகம் மலர்ந்தது. அடுத்த தெருவிலும் அதையே சொன்னார். எல்லாத் தெருவிலும் சொன்னார். ஒவ்வொரு தெருவும் இன்னொரு தெருவை நினைத்துச் சிரித்துக்கொண்டு ஓட்டுப் போட்டது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று அவர் ராத்திரி பொன்னியிடம் சொன்னார்.

ஜெயித்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கத்தி தூக்கவில்லை, ஒருத்தன் மண்டை உடையவில்லை. பூ விற்கிற ஒரு ஆள், பெயரே மண்ணாங்கட்டி, ராஜமாணிக்கத்தை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார். ராஜமாணிக்கம் வந்து சால்வை போட்டு, கைகூப்பி, ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். எந்த ராஜா காலத்தில் இது நடக்கும்? மண்ணாங்கட்டி டவுனுக்குப் போனபோது அதே அருண்பிரசாத் எழுந்து நின்று, "வாங்க தலைவரே" என்றார். அந்த வார்த்தை மண்ணாங்கட்டிக்கு உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. திரும்பும்போது பஸ்ஸில் வராமல் ஆட்டோவில் வந்தார்.

தலைவர் சீட்டில் உட்கார்ந்ததும் கழிப்பறையை முதல் வேலையாக எடுத்தார். காட்டு இலாகா நிலத்தைக் கேட்டார், இல்லை என்றார்கள். டேங்கைப் பெரிதாக்கச் சொன்னார், அதைவிட இடம் மாற்றுவது சுலபம், கிராமசபையில் தீர்மானம் போட்டு அனுப்பினால் உடனே செய்யலாம் என்று அருண்பிரசாத் சொன்னார். மக்கள் சொல்லிவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லையாம்.

மறுபடியும் சுதந்திர தினம், மறுபடியும் ஷாமியானா. மைக் இப்போது மண்ணாங்கட்டியின் கையில். "இது ராஜா காலம் இல்ல" என்று அவர் வாயில் தானாக வந்தது. விமல்ராஜ் தெருத்தெருவாகப் படித்தான். மேட்டுத் தெரு வேண்டாம் என்றார்கள், ஏரிக்கரைத் தெரு வேண்டாம் என்றார்கள், பெருமாள் கோயில் தெருவும் காலனியும் வேண்டாம். முன்வரிசையில் பொன்னிக்குப் பக்கத்தில் ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தன் அண்ணன் தலைவராகி நடத்துகிற முதல் கூட்டம் என்று நல்ல புடவை கட்டி, தலை நிறைய அவர் தோட்டத்துக் கனகாம்பரம் வைத்திருந்தாள். எல்லாத் தெருவுக்கும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். எல்லோரும் அவள் கடைக்கு வந்து சர்பத் குடிக்கிறவர்கள், அவர்களுக்காகக் கையைக்கூடத் தூக்காவிட்டால் எப்படி?

அதைப் பார்க்கப் பார்க்க மண்ணாங்கட்டி மைக்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

"எல்லாத் தெருவும் வேணாம்னு ஆயிடுச்சிங்க தலைவரே," என்றான் விமல்ராஜ். "இப்ப இருக்கற எடமும் வேணாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. தெரு இல்லாத எடம்னா, பாறை மேட்டுப் பொறம்போக்குதான் பாக்கி."

"நல்ல எடம்," என்று கூட்டத்திலிருந்து ராஜமாணிக்கம் ஒத்துழைத்தார். எதிர்க்கட்சி என்றாலும் ஊருக்கு நல்லது என்றால் முன்னால் நிற்கிறவர்.

ஜோதியம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் பம்பும் அந்தப் புறம்போக்கும் ஒரே வரப்பு. அவள் மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். பிறகு, முறைப்படி, பேசுவதற்காகக் கையைத் தூக்கினாள்.

"பாறை மேட்டுல கட்டலாம்ங்கறவங்க?"

மைதானம் முழுக்கக் கை. அதில் ஒரு கை எதற்காகத் தூக்கியிருக்கிறது என்பது அங்கே ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். மைக் அந்த ஆள் கையில்தான் இருந்தது. "நில்லுங்கப்பா, அந்தம்மா பேசணுமாம்" என்று சொன்னால் போதும். சொன்னால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். கழிப்பறை அவர் கிணற்றோரமே நிற்கும், இல்லையென்றால் ஏதாவது ஒரு தெருவுக்குப் போகும், அந்தத் தெரு அடுத்த தேர்தலில் சீப்பை உடைத்துப் போடும். நூற்றுக்கணக்கான கைகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. போட்டோக்காரன் தயாராக நின்றான். பொன்னி மட்டும் கையைத் தூக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏகமனதாக," என்றார் மண்ணாங்கட்டி.

மறுநாள் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் மொபெட் பழக்கத்தில் பாறை மேட்டுக்கே போய் நின்றது. அங்கே ஏற்கெனவே சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். ஜோதியம்மாள் அவரைப் பார்த்ததும் வெளியே வந்தாள், திட்டவில்லை, குடத்தை வாங்கிப் பம்புக்குக் கீழே வைத்து அடிக்க ஆரம்பித்தாள்.

"பிடிச்சிக்கோங்க தலைவரே. கட்டி முடிக்கற வரைக்கும் தண்ணி நல்லாத்தான் இருக்கும்."

நேற்றுவரைக்கும் அண்ணன்.

"ஜனநாயகத்துல நான் யாரும்மா," என்றார் மண்ணாங்கட்டி. "மக்கள்தான் எஜமானருங்க."

"ஆமா," என்றாள். நிரம்பிய குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள். "நான் பேசறதுக்குத்தான் கையத் தூக்கினேன்னு உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியும்."

இரண்டாவது குடத்தையும் ததும்பத் ததும்ப நிரப்பி, வண்டியில் அவளே தூக்கி வைத்துக் கட்டினாள்.

வீட்டில் பொன்னி குடத்தை இறக்கி, ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். நல்ல தண்ணீர். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ தண்ணியும் போயிட்டா, நாம தண்ணிக்கு எங்க போறது?"

மண்ணாங்கட்டி யோசித்தார். கிணற்றுப் பக்கம் பார்த்தார். கழிப்பறையை இடித்தாலும் அந்தத் தண்ணீர் தெளிய எத்தனை வருஷமோ. பலகை மட்டும் புதுசு போலவே இருந்தது. குழாயடிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் தான் கையைத் தூக்கிய தீர்மானம் ஞாபகத்துக்கு வந்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டவுனில் அந்த அதிகாரி பேசுகிற மாதிரியே பொறுமையாகச் சொன்னார்:

"அடுத்த கிராமசபையில வச்சிப் பாக்கலாம்."

பொன்னி மிச்சத் தண்ணீரைத் தட்டு போட்டு மூடினாள்.